பார்க்கலாம், தொட முடியாது

"தராசு ஒன்றுதான் இருக்கும். இன்னொன்று வேண்டுமென்றால் எழுந்து வந்து கேள்."

நான் தராசு மென்பொருள் எழுதத் தொடங்கிய முதல் வாரத்தில் என் கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் இப்படி வந்தது. கணினிகள் சொந்தமாக இப்படிப் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும். தலையைத் திருப்பிப் பார்த்தேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அக்கா உட்கார்ந்து தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அவர் என்னிடம் தானாகச் சொன்ன முதல் வார்த்தைகள் அவைதான். அதற்கு முன் அவர் சொன்ன காலை வணக்கமெல்லாம் நான் சொன்னதற்குப் பதில் மட்டுமே.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அவரைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்த சில விஷயங்களில் இது ஒன்று.

அலுவலகம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் எலெக்ட்ரிக் சாமான் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள். கீழே கடை நடத்தியவர் ஒரு முஸ்லிம் வியாபாரி. ஊரே அவரை நானா என்று கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். மேலே ரவி அண்ணனின் மென்பொருள் கம்பனி. கம்பனி என்பது ரவி அண்ணன், அக்கா, நான், மழை வந்தால் நிற்கும் இன்டர்நெட். கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்து பிழைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குத் திரை செய்யும் வேலை கிடைத்தது. கிடைத்தது என்று சும்மா சொல்லிவிட முடியாது. டயகம பக்கம் என் அம்மா கொழுந்து எடுக்கும் தோட்டத்தின் ஆபீசுக்கு நான் மூன்று முறை போய்ப் பேசிப் பேசியே வாங்கிய வேலை அது.

எனக்குப் பேச வரும். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் படித்த முதல் ஆளும் நான். இதை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே நானாவுக்கு என் பரீட்சை முடிவுகள் பாடம் வாரியாக மனப்பாடம். அக்காவிடமும் சொன்னேன். "சரி" என்றார்.

"நீங்க எங்க படிச்சீங்க அக்கா?"

"பள்ளிக்கூடத்துல."

எங்கள் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி எந்தத் தோட்டம் என்பதுதான். இரண்டாவது கேள்வியில் சொந்தக்காரர் யாராவது அகப்பட்டுவிடுவார், மூன்றாவதில் அந்தச் சொந்தக்காரரோடு யாருக்குச் சண்டை என்பது வரை வந்துவிடும். அக்காவிடம் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"மேல" என்றார்.

ஹட்டனில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் பார்த்தாலும் மேலேதான்.

நானாவும் முயன்று பார்த்தார். ஊரில் யார் யாருடைய மகன், யார் வீட்டில் எந்த ஃபேன் ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருநாள் அக்கா பல்பு வாங்க இறங்கியபோது, "தங்கச்சி யார்ட மகள்?" என்று கேட்டிருக்கிறார். "எங்கம்மாவோட மக நானா" என்று சொல்லிவிட்டு, பல்பைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். நானா என்னிடம் வந்து, "அந்தப் புள்ளட வாய்க்கு பூட்டு போட்டது யாரு?" என்று கேட்டார். பூட்டு இல்லை, கதவே ஒன்றிரண்டுதான் வைத்திருக்கிறார் என்று சொன்னேன். அப்போது அது வெறும் பேச்சுக்குச் சொன்னது. பிறகு வேலை செய்யச் செய்ய, அது எவ்வளவு சரி என்று புரிந்தது.

எங்கள் வேலை இரண்டு பாதியாக இருந்தது. அக்கா எழுதியது சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழியில். தராசோடு கம்பி வழியாகப் பேசுவது, வந்த எடையைச் சரிபார்ப்பது, பாதுகாத்து வைப்பது எல்லாம் அவர் பாதி. எழுதி, தொகுத்து முடித்தால் அது ஒட்டிய பெட்டி மாதிரி. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. நான் எழுதியது கியூஎம்எல். அதில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று கட்டளை எழுதும் வேலை குறைவு. இங்கே ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஓர் எண், அது பச்சை நிறம், அந்த எண் தராசின் எடை என்று திரை எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே விவரித்தால் போதும். மிச்சத்தை அந்த மொழியே பார்த்துக்கொள்ளும். ஆள் எப்படி இருப்பார் என்று சொன்னால் படம் வரைந்து தருவது போல.

ஆனால் தராசு என்றால் என்னவென்று என் மொழிக்குத் தெரியாது. அக்கா தராசுக்கென்று ஒரு கிளாஸ் எழுதியிருந்தார். தராசு பற்றிய விவரங்களையும் அது செய்யும் வேலைகளையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது போன்ற ஒன்று. அந்தச் சாக்கை என் மொழிக்கு அவர் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அப்போதும் சாக்கில் இருப்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடாது. எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம், எது மாறும்போது திரைக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அவர் எழுதித் தரவேண்டும். அவர் எழுதித் தராதது எனக்கு இல்லாதது.

வேறு யாராவது என்றால் கேட்டது, கேட்காதது எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கும் அது வசதியாக இருந்திருக்கும்.

"அக்கா, எடையும் பேரும் வேணும்."

"எதுக்கு?"

"திரையில போட."

"போடலாம். பாக்கலாம், தொட முடியாது."

"மாத்தவும் விட்டீங்கன்னா பின்னாடி எதுக்காச்சும் உதவும்ல?"

"அப்ப பின்னாடி வா."

பாக்கலாம், தொட முடியாது. இதை அவர் ஒரு நாளைக்குப் பலமுறை சொல்வார். அவருடைய சாப்பாட்டுப் பெட்டிக்கும் அதுதான் சட்டம். மூடியைப் பாதி திறந்து வைத்து, அந்த மறைவில் சாப்பிடுவார். வாசனையை வைத்து ரொட்டியும் கட்டச் சம்பலும் என்று கண்டுபிடித்து, "ரொட்டியா அக்கா?" என்றால் மூடியை ஒரு விரல் அளவு தூக்கிக் காட்டுவார். பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். போன் எப்போதும் முகம் குப்புறப் படுத்திருக்கும்.

அவர் அதிகம் பேசியது பிழைச் செய்திகளில்தான். தராசு கிளாஸிலிருந்து திரைப் பக்கத்தில் யாரும் புதிதாக ஒரு தராசை உண்டாக்கிவிடக் கூடாது என்று அவர் தடை போட்டிருந்தார். தோட்டத்தில் இருப்பது ஒரே தராசு, அதற்கு இரண்டு பிரதி இருந்தால் எது உண்மை என்று தெரியாமல் போய்விடும். அப்படித் தடை போடும்போது, ஏன் கூடாது என்று ஒரு வரி எழுதும் வசதி உண்டு. மற்றவர்கள் அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஏதோ மொட்டையாக எழுதுவார்கள். அக்கா அங்கே தமிழில் எழுதினார். அந்த முதல் வாரத்தில் தெரியாமல் நான் ஒரு புதுத் தராசு உண்டாக்கப் போய்த்தான் அந்தச் சிவப்பு எழுத்து வந்தது. பிறகு எழுந்து போய்க் கேட்டேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஏன் ஒன்றுதான் என்று அரைமணி நேரம் சொன்னார். கேட்டால் சொல்லாதவர் இல்லை. கேட்டதற்கு மட்டும் சொல்பவர்.

முதல் சோதனைக்கு மடுவத்துக்குப் போன நாளை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும். மடுவம் என்பது மலையில் எடுத்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கும் கொட்டகை. தராசுக்குப் பக்கத்தில், மலையைப் பார்த்துக்கொள்ளும் கண்டாக்கு ஐயாவுக்கு ஒரு தொடுதிரை. கொழுந்து கொண்டுவரும் பெண்கள் பார்ப்பதற்கு வெளிப்பக்கம் திரும்பிய ஒரு டீவி. டீவி நானா கடையிலிருந்து வந்தது. "மழ பட்டா திரும்ப எடுக்க மாட்டன்" என்று சொல்லி, பிளாஸ்டிக் உறையையும் அவரே தைத்துக் கொடுத்திருந்தார்.

அம்மாவின் சாக்குத்தான் முதலில் தராசில் ஏறியது. அது தொங்கிக்கொண்டிருக்கும்போதே மென்பொருளைத் தொடங்கினோம். டீவியில் பச்சையாக 13.4 என்று வந்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். என் மார்பு ஓர் அங்குலம் கூடியிருக்கும்.

அடுத்த சாக்கு ஏறியது. 13.4. அதற்கடுத்தது, செல்வி என்று ஒல்லியான ஒரு பெண்ணுடையது, பாதிச் சாக்குகூட இல்லை. 13.4.

"எனக்கா இது?" என்றாள் செல்வி.

"பேசாம எறக்குடி. மெசினே சொல்லுது" என்றார் பின்னால் நின்றவர்.

"நல்லா படிச்ச மெசினு. எல்லாரையும் ஒரே மாதிரி பாக்குது."

"எம்மக செஞ்சதுல்ல" என்றார் அம்மா.

கண்டாக்கு ஐயா தன் குடையை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். குடையும் 13.4 கிலோ.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாறுது" என்றார் மெதுவாக. "சொல்லல."

என் மொழியில் எழுதிய எண், தராசைத் தானாக ஓயாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்காது. முதலில் ஒருமுறை பார்க்கும். அதன்பின் எடை மாறினால் அந்தப் பக்கம் இருக்கும் கிளாஸ் குரல் கொடுக்க வேண்டும், மாறிவிட்டேன், வந்து பார் என்று. குரல் வராவிட்டால், பழைய எண்ணையே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அக்கா எடையைக் காட்டுவதற்கு எழுதியிருந்தார், குரல் கொடுப்பதற்கு எழுதவில்லை. அலுவலகத்தில் ஏன் தெரியவில்லை என்றால், சோதித்துப் பார்க்க ரவி அண்ணன் வாங்கித் தந்தது ஒரே ஓர் அரிசிப் பை. ஒவ்வொரு முறையும் அதே பையை மாட்டி, அதே எடையைப் பார்த்து, மூவரும் கை தட்டியிருக்கிறோம். சோதனை முடிந்ததும் பையை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் நான் சிரித்த சிரிப்பில் அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு அடக்க முடியவில்லை. கிளாஸ் செய்தது அப்படியே அவர் செய்வதுதான். அக்கா மாறுவார், சொல்ல மாட்டார். இடுப்பு வரை இருந்த முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு வந்து, எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்து வேலை செய்தார். வாடகை வீட்டை மாற்றிவிட்டார், நாங்கள் அறியாமல் ஒரு மாதம் பழைய தெருமுனையிலேயே அவருக்காக ரவி அண்ணன் வேனை நிறுத்திக்கொண்டிருந்தார். அங்கே ஏன் நிற்பதில்லை என்று கேட்டபோது, "அங்க இல்லையே அண்ணே" என்றார்.

"நீங்க எழுதுனது உங்கள மாதிரியே இருக்கு அக்கா" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. கண்ணாடியில் மழை.

மறுநாளே அதைச் சரிசெய்துவிட்டார். ஆனால் என் மனதில் இருந்தது வேறு. சோதனை நாள் சாயந்தரம் அம்மா போனில் கேட்டது.

தோட்டத்தில் ஒவ்வொரு நிறுவையிலும் கொஞ்சம் கழிப்பார்கள். சாக்கின் எடை, இலையில் ஒட்டிய ஈரம். எவ்வளவு கழிப்பது என்பது மழையைப் பொறுத்தது. சில நாட்களில் மழை இல்லாவிட்டாலும் மழையைப் பொறுத்தது. கழித்தபின் மிஞ்சும் நிகர எடைதான் பேரில் ஏறும், அன்றைக்குக் கேட்ட அளவுக்கு வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. எங்களிடம் தோட்டம் கேட்டதும் டீவியில் நிகரம் மட்டும் போதும் என்றுதான். அம்மா சொன்னார்:

"அவங்க எழுதுனது எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். நான் எடுத்தது எவ்வளவுன்னு இன்னவரைக்கும் தெரியாது. ஒன் மெசினு அத காட்டுமா?"

காட்டும் என்று சொல்லிவிட்டேன். படித்த மகள் வேறு என்ன சொல்வாள்?

அலுவலகத்துக்கு வந்து அக்காவிடம் கேட்டேன்.

"மொத்த எட வேணும் அக்கா. கழிக்கிறதுக்கு முன்னால உள்ளது."

"எதுக்கு?"

"டீவியில போட."

"தோட்டத்துல கேட்டாங்களா?"

"இல்ல. எங்கம்மா கேட்டாங்க."

தட்டச்சுச் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் தொடங்கியது. "கேட்டது நிகரம் மட்டுந்தான்" என்றார்.

"கிளாஸுக்குள்ள இருக்குல்ல? ஒரு வரி எழுதினா எனக்குத் தெரியும்ல? ஒரு வரிக்கு என்ன அக்கா?"

"ஒரு வரிதான்" என்றார். எழுதவில்லை.

அன்று மத்தியானம் முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. நானா படியேறி வந்து எட்டிப் பார்த்தார். "மேல சத்தமே இல்ல, கரண்டு கிரண்டு அடிச்சிட்டோன்னு பாத்தன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே கண்டாக்கு ஐயா அலுவலகத்துக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வரும்போது எங்கள் மூன்று பேருக்கும் அவித்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்தார். கழிவு எவ்வளவு என்பதை அதுவரை தோட்ட ஆபீஸ் காலையில் ஒருமுறை நிர்ணயித்து அனுப்பும், மடுவத்தில் மாற்ற முடியாது. அதை அவர் திரையிலேயே மாற்றிக்கொள்ள ஒரு பட்டன் வேண்டும் என்றார்.

"மழ வந்தா கூட்டணும், விட்டா கொறைக்கணும். ஒவ்வொரு தரமும் ஆபீசுக்கு போன் போட முடியுமா சொல்லுங்க?"

"முடியாது" என்றார் அக்கா.

"பாருங்க, அவங்களே சொல்றாங்க."

"பட்டன் முடியாதுன்னேன். கழிவ பாக்கலாம். தொட முடியாது."

ரவி அண்ணன் அக்காவை ஓரமாக அழைத்துப் போனார். ஓரம் என்பது அந்த அறையில் ஜன்னல் பக்கம், எல்லாமே கேட்கும். "இந்தத் தோட்டம் கையவிட்டுப் போனா பக்கத்துத் தோட்டமும் வராது. அப்புறம் மூணு பேரும் கீழ எறங்கி நானாவுக்கு பல்பு வித்துக் குடுக்கலாம். ஒரு பட்டன்தான?"

அக்கா ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்டாக்கு ஐயாவிடம் திரும்பினார்.

"கழிவ தொட விடணும்."

"ஆமாம்மா."

"தொட விட்டா காட்டணும். எவ்வளவுல இருந்து எவ்வளவு கழியுதுன்னு. மாறுனா மாறுனதும் தெரியணும்."

"காட்டுங்க, நல்லா காட்டுங்க. தெரியாம எப்படி வேல செய்யிறது?" என்றார் அவர். கிழங்கு நன்றாக வெந்திருக்கிறதா என்று தின்று பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் அக்கா என் மேசைக்கு வந்தார். அவராக எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"மூணு தர்றேன். மொத்தம், கழிவு, நிகரம். மொத்தமும் நிகரமும் பாக்க மட்டும். கழிவ எழுதலாம். மூணும் மாறுனா சொல்லும்."

"எந்தத் திரைக்கு அக்கா?"

"கிளாஸுக்கு திரை எது, டீவி எதுன்னு தெரியாது. காட்டுனா எல்லாத்துக்கும் காட்டுனதுதான்." போகத் திரும்பினார். "எங்க போடறதுன்னு எழுதறது ஒன் பக்கம்."

அவர் போய் உட்கார்ந்தபின்தான் எனக்கு முழுதும் விளங்கியது. பட்டனும் மொத்த எடையும் கண்டாக்கு ஐயாவின் திரையில் இருக்கும், அவர் கேட்டது போலவே. டீவியில் என்ன இருக்கும் என்பதை நான் விவரிக்கலாம். விவரித்தேன். மூன்று எண்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, டீவி கொள்ளும் அளவுக்குப் பெரிதாக. கழிவுக்கு மட்டும் சிவப்பு. ரவி அண்ணனிடம் காட்டினேன், மறைத்துச் செய்ய எனக்கு வராது. அவர் வெகுநேரம் பார்த்தார். "டீவி நானாவோடது" என்றார் கடைசியில். "அவரு டீவியில என்ன வருதுன்னு நமக்கென்ன தெரியும்?" தேநீர் குடிக்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

இரண்டாம் முறை போன அன்று லேசான தூறல். பெண்கள் முதுகில் ரப்பர் ஷீட்டோடு வரிசையில் நின்றார்கள். இந்த முறை எல்லாருக்கும் வேறு வேறு எடை வந்தது. செல்விக்கு அதில் கொஞ்சம் வருத்தம். நாலாவதாக அம்மாவின் சாக்கு ஏறியது.

மொத்தம் 14.2. கழிவு 1.0. நிகரம் 13.2.

அம்மா டீவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது, எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். அப்போது கண்டாக்கு ஐயா வானத்தைப் பார்த்தார். தன் திரையில் பட்டனை அழுத்தினார். டீவி அவருக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தது.

கழிவு 2.0 ஆனது. 3.0 ஆனது. நிகரம் கூடவே இறங்கி 11.2-இல் நின்றது. அக்கா எழுதிய குரல்கள் பிசகாமல் வேலை செய்தன.

"ஐயா" என்றார் அம்மா. "பதினாலுக்கு மேல இருக்கு. மூணு எங்க போச்சுங்க?"

"மழம்மா."

அம்மா கொட்டகைக்கு வெளியே கையை நீட்டினார். உள்ளே இழுத்து, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். "இந்த மழையா?"

யாரோ சிரித்தார்கள். "சாக்கு என்ன இரும்புலயா தச்சிருக்கு?" என்றது இன்னொரு குரல். நிகரத்தைப் பார்த்துப் பழகியவர்கள்தான். மேலே இருக்கும் எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி தானாக வந்தது.

கண்டாக்கு ஐயா தராசைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வந்தார். டீவியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"இது இங்கயும் தெரியணுமா?"

"நல்லா காட்டச் சொன்னீங்களே ஐயா" என்றார் அக்கா. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

அவர் நினைத்தால் டீவியின் வயரைப் பிடுங்கிவிடலாம். எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொல்லலாம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போய் பட்டனை அழுத்தினார். டீவியில் 2.5. வரிசை அசையவில்லை. 2.0.

"எறங்குது, எறங்குது" என்றாள் செல்வி.

1.5.

"இன்னுங் கொஞ்சம் ஐயா" என்றார்கள் பின்னாலிருந்து, பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கச் சொல்வது போல. 1.0-இல் நின்றபோது அம்மா, "போதுங்கய்யா. சாக்குக்கு ஒண்ணு ஞாயந்தான்" என்றார். மடுவமே சிரித்தது. கண்டாக்கு ஐயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாம் படிச்சதுங்களக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்" என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்துவிட்டு அடுத்த சாக்கை ஏற்றச் சொன்னார்.

டீவி அங்கேயே இருந்துவிட்டது. நடுவில் ஒருநாள் பழுது என்று அதை அணைத்து வைத்தார்களாம். டீவி எரிந்தால்தான் சாக்கைத் தூக்குவோம் என்று பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள், பழுது அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. நானா அதன் தலையில் தன் கடைப் பெயரை ஒட்டிவிட்டு, டயகமவில் தனக்குக் கிளை இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்.

அன்று நிறுவை முடிந்து, நான் டீவிக்குப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், கொட்டகை ஓரத்தில் அம்மாவும் அக்காவும் ஒரே குடைக்குள் நிற்கிறார்கள். பேசிக்கொண்டிருந்தது அக்கா. கையை ஆட்டி, எதையோ தொலைவில் மலைப்பக்கம் காட்டி, விடாமல் பேசிக்கொண்டிருந்தார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போவதற்குள் பேச்சு முடிந்திருந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் அக்கா.

அன்று நான் வீட்டிலேயே தங்கினேன். சாயந்தரம் அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டே, "நல்ல புள்ள அது" என்றார். "அதோட அம்மாவும் நம்மள மாதிரி கொழுந்துதான் எடுத்திச்சாம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எந்தத் தோட்டமாம்?"

அம்மா தேநீரை ஆற்றினார்.

"ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னுச்சு."

"ஏன்?"

"சொன்னா மறுநாளு அட்டன் பூரா தெரிஞ்சிருமாம்."

"நீங்க மட்டும் எப்படிக் கேட்டீங்க? நான் ஒரு வருசமா கேக்கிறேன்."

"நான் ஒண்ணும் கேக்கல" என்றார் அம்மா. "அதுவாத்தான் சொல்லிச்சு."

பிறகு சில மாதங்களில் அக்கா வேலையை விட்டுப் போனார். எப்போது என்று கேட்டால், ஒரு திங்கட்கிழமை நாற்காலி காலியாக இருந்ததை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கொழும்பு என்கிறார் ரவி அண்ணன், வெளிநாடு என்கிறார் நானா. இருவருக்கும் தெரியாது. அவர் பாதியையும் இப்போது நான்தான் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் சி பிளஸ் பிளஸ் எழுதும் முதல் ஆளும் நான்தான் என்று பஸ்ஸில் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். போன மாதம் அவசரத்தில் திரைப் பக்கத்தில் தெரியாமல் புதுத் தராசு ஒன்றை உண்டாக்கிவிட்டேன். சிவப்பு எழுத்தில் அதே வரி வந்தது, எழுந்து வந்து கேள் என்று. எழுந்துவிட்டேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு இரண்டு அடி வைத்தபின்தான் அங்கே யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த வரியை மாற்ற இப்போது எனக்கு முடியும். மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் போன் அடிக்கும். அம்மா எடுத்துப் பேசுவார், சிரிப்பார், "அப்படியா, எப்ப மாத்துனீங்க? வீடு நல்லா இருக்கா?" என்று கேட்பார். போன வாரமும் கேட்டார்.

"யாரும்மா அது?" என்றேன்.

"ஒனக்குத் தெரிஞ்சவங்கதான்" என்று சொல்லிவிட்டு, போனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.